சிவப்புக் கோட்டுக்கு ஓர் அடி

ஸ்தாமென் கெர்கினோவின் விலா எலும்பு உடைந்தது 'இரும்புக் கம்பி' என்ற சொல்லுக்காக. தாடை உடைந்தது வேறொரு வாக்கியத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன். எது எதற்காக உடைந்தது என்பதில் எங்கள் காமென்தோல் ஊரின் எழுத்தாளர் இல்லம் ஒருநாளும் குழப்பத்துக்கு இடம் வைத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிடுவார்கள்.

ஸ்தாமென் முப்பது வருடம் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனாலும் மூன்று கதைப் புத்தகங்கள் எழுதியிருந்தான். அவற்றை ஊரில் எல்லோரும் வாசித்தோம், ஏனென்றால் அவற்றில் நாங்கள் இருந்தோம். அவனுக்கு உறவு என்று இருந்தவன் க்ரும் என்ற தம்பி ஒருவன்தான். போன நவம்பர் இருபத்து நான்காம் தேதி சுரங்க வாசலில் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்களைக் கலைக்க, நிர்வாகம் இரண்டு காவலர்களை அனுப்பியது. மனோல், ஷிவ்கோ என்று பெயர். இரண்டு பேரும் முன்னாள் மல்யுத்த வீரர்கள். எங்கள் நாட்டில் மல்யுத்த வீரனுக்கு முப்பது வயதுக்கு மேல் பதக்கம் கிடைப்பதில்லை, வாசல்தான் கிடைக்கும்: சுரங்க வாசல், மதுக்கடை வாசல், வங்கி வாசல். அந்த இருவரும் க்ருமைக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். மருத்துவச் சான்றிதழில் 'படிக்கட்டில் தவறி விழுந்தார்' என்று இருந்தது. அந்த வாசலில் படிக்கட்டே கிடையாது.

எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால், படம் போட்டு ஓர் அஞ்சலித் தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஒட்டிய தாளை யாரும் கிழிப்பதில்லை. மழை நனைக்கலாம், வெயில் வெளுக்கலாம், காற்று பிய்த்துக்கொண்டு போகலாம்; மனிதக் கை படக் கூடாது. முழுப் போதையில் இருக்கிறவன்கூட அந்தத் தாள் ஒட்டிய மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்தில்தான் சாய்ந்துகொள்வான். க்ருமின் முதல் இரண்டு தாள்களில் அழுகையைத் தவிர வேறு எதையும் எழுத ஸ்தாமெனுக்குக் கை வரவில்லை. ஆறாம் மாதத் தாளில், தம்பியைக் கொன்றது யார் என்று பெயரோடு எழுதிவிடுவது என்று தீர்மானித்தான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதற்குள் எழுத்தாளர் இல்லத்துக்கு 'சிஸ்தோ' வந்துவிட்டது. சிஸ்தோ என்றால் சுத்தம். தலைநகரிலிருந்து அமைச்சகம் அனுப்பிய பிழைதிருத்தும் மென்பொருள் அது. எழுதியதை உள்ளே போட்டால், பிழை இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்திலேயே சரியானதைச் சொல்லும். கோடே இல்லாவிட்டால் பச்சை விளக்கு எரியும், இல்லம் பச்சை முத்திரை குத்தும். முத்திரை இல்லாமல் ஊரில் எந்த அச்சகமும் எதையும் அச்சடிக்கக் கூடாது: நாவல், கவிதை, கல்யாணப் பத்திரிகை, உணவகத்தின் சூப்புப் பட்டியல், அஞ்சலித் தாள்.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் ஸ்தாமெனுக்கு அதைப் பிடித்திருந்தது. அவன் போன குளிர்காலத்தில் எழுதிய கதையில் விட்டுப்போன நாற்பத்தோரு காற்புள்ளிகளை அது ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தது. எட்டாம் வகுப்பு ஆசிரியர் இதே வேலைக்கு அவன் காதைத் திருகியிருந்தார். காதைத் திருகாமல் சொல்லிக்கொடுக்க ஒன்று வந்துவிட்டதே என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அந்தச் சந்தோஷம் பிப்ரவரி வரை நீடித்தது. பிப்ரவரியில் இல்லத்தின் இயக்குநர் ஸ்வெத்லோஸார் பென்கோவ் விதி ஏழைக் கொண்டுவந்தார். 'எழுத்தாளர்கள் சிவப்புக் கோடுகளை மதிப்பதில்லை என்பது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டது. இனி ஒரு கோட்டுக்கு ஓர் அடி. இயக்குநர் உட்பட எவருக்கும் விலக்கில்லை.' கடைசி வாக்கியத்தை அவர் அழகுக்காகச் சேர்த்திருந்தார். அதே மாதம் சுரங்கம் மூடப்பட்டு மனோலும் ஷிவ்கோவும் வேலையில்லாமல் திரிந்தார்கள். பென்கோவ் அவர்களை 'மொழித் திருத்த உதவியாளர்கள்' என்ற பதவியில் நியமித்தார். சிஸ்தோவை இயக்கும் பதவிக்கு விண்ணப்பித்தவர் ஒருவர், நேர்காணல் செய்தவர் ஒருவர். இருவரும் ஒரே வீட்டில் காலைக் காபி குடித்துவிட்டு ஒரே காரில் நேர்காணலுக்கு வந்தார்கள். அப்படித்தான் இயக்குநரின் மனைவி ருமியானா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மே முதல் வாரம் ஸ்தாமென் தன் தாளை அவளிடம் கொடுத்தான். அதில் இப்படி இருந்தது: 'என் தம்பி க்ரும் கெர்கினோவ், வயது நாற்பத்து நான்கு, சுரங்க வாசலில் இரும்புக் கம்பியால் அடித்துக் கொல்லப்பட்டு ஆறு மாதம் ஆகிறது. அடித்தவர்கள் மனோல், ஷிவ்கோ. நாற்பது பேர் பார்த்தார்கள். மறக்க மாட்டேன்.'

ருமியானா தட்டச்சு செய்து முடிப்பதற்குள் திரை சிவந்துவிட்டது.

"ஏழு கோடு," என்றாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "ஒவ்வொண்ணா வாசிக்கிறேன், கேட்டுக்குங்க. 'சுரங்க வாசல்' மனசுக்குப் பாரமா இருக்காம். 'இயற்கை எழில் நிறைந்த இடம்'னு போடச் சொல்லுது. 'இரும்புக் கம்பி' வாசகரைப் பயமுறுத்தும், 'நீளமான ஒரு பொருள்' போதும். 'அடித்து' வேண்டாம், 'சந்தித்து.' 'கொல்லப்பட்டு'க்கு 'விடைபெற்று.' 'அடித்தவர்கள் மனோல், ஷிவ்கோ' குற்றம் சாட்டுற தொனியாம். 'உடன் இரு நலம்விரும்பிகள்.' 'நாற்பது பேர்' ரொம்பத் துல்லியமா இருக்கு, 'சிலர்.' 'மறக்க மாட்டேன்' எதிர்மறை, 'நினைவில் மகிழ்கிறேன்.' மாத்திடவா?"

மாற்றியே விட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. 'என் தம்பி க்ரும் கெர்கினோவ், வயது நாற்பத்து நான்கு, இயற்கை எழில் நிறைந்த இடத்தில் நீளமான ஒரு பொருளைச் சந்தித்து விடைபெற்று ஆறு மாதம் ஆகிறது. உடன் இரு நலம்விரும்பிகள். சிலர் பார்த்தார்கள். நினைவில் மகிழ்கிறேன்.'

ஸ்தாமென் இரண்டு முறை வாசித்தான். அதில் அவன் தம்பி விடுமுறைக்குப் போயிருந்தான்.

"இது என் தம்பி இல்ல மேடம்."

"பிழையில்லாம இருக்கே!"

"பிழையோடயே குடுங்க."

"நான் என்ன பண்ணட்டும் ஸ்தாமென்? மெஷின் சொல்லுது," என்றாள் ருமியானா. மணியை அழுத்தினாள்.

திருத்த அறை கீழ்த்தளத்தில் இருந்தது. முன்பு அது குழந்தைகள் நூலகம். சுவரில் முயல்கள் கேரட் தின்றுகொண்டிருந்தன. தரையில் உடற்பயிற்சி மெத்தை போட்டிருந்தார்கள். ஷிவ்கோ பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மனோல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோடு போட்ட தாளை ஒருமுறை பார்த்தான்.

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குங்க அண்ணே. வலி கொறையும்."

'சுரங்க வாசல்' வயிற்றில் விழுந்தது. 'இரும்புக் கம்பி' விலாவில் விழுந்து, சுள்ளி முறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஸ்தாமென் வாயில் இரத்தம் ஊறியது.

"மனோல்," என்றான் மூச்சு வாங்க. "அந்தத் தாள்ல உன் பேரு இருக்கு. பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே."

"அதுக்காகவா அடிக்கிற?"

மனோலுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது. "சேச்சே! அது வேற, இது வேற. அதுக்காக அடிச்சா பழிவாங்குற மாதிரி ஆயிடும். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குறவன் அண்ணே. கோட்டுக்கு மட்டும்தான் அடிக்கிறேன்."

மீதி ஐந்தையும் அடித்து முடித்து, முகம் துடைக்க ஈரத் துணி கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஷிவ்கோ வாசல்வரை வந்து, படியில் பார்த்து இறங்கும்படி எச்சரித்தான்.

அடுத்த வாரம் இல்லத்தில் விவாதக் கூட்டம் நடந்தது. 'எழுத்தாளர் பிழைதிருத்தும் கருவியை நம்பியிருக்கலாமா?' என்பது தலைப்பு. இருபத்திரண்டு எழுத்தாளர்கள் வந்தார்கள். பதினாறு பேர் கட்டுப் போட்டிருந்தார்கள். சுற்றுலாக் கட்டுரை எழுதுகிறவருக்கு இரண்டு கண்ணும் வீங்கியிருந்ததால் அவரைக் கைபிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

பென்கோவ் மேடையேறினார்.

"அன்பர்களே! முன்னெல்லாம் எழுத்தாளன் கஷ்டப்பட்டு எழுதினான். வாசகன் கஷ்டப்பட்டு வாசித்தான். கஷ்டம் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. இன்று அந்தக் கஷ்டம் முழுவதையும் ஒரே இடத்தில், நமது கீழ்த்தளத்தில், சிக்கனமாகச் சேர்த்திருக்கிறோம். சிஸ்தோ வந்த பிறகு இந்த ஊரில் ஒரு சோகக் கதைகூட வெளிவரவில்லை. இது மக்கள் மகிழ்ச்சியாக இருப்பதற்கான சான்று. அடிக்கிறோம் என்கிறார்கள். யாரை அடிக்கிறோம்? பிழையை அடிக்கிறோம். பிழை எழுத்தாளனுக்குள் போய் ஒளிந்துகொண்டால் அதற்கு நாங்களா பொறுப்பு?"

முன்வரிசையிலிருந்து நாவலாசிரியர் கலோயன் எழுந்து கைதட்டினார். அவர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. "என் அனுபவத்தைச் சொல்றேன். முன்னாடி ஒரு நாவலுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ ஒம்போது நாள். நான் முதல் வரி எழுதினாப் போதும், அது திருத்தித் திருத்தி முந்நூறு பக்கத்துக்குக் கொண்டுபோயிடுது. போன மூணு நாவலுக்கும் கோடே விழல!"

"மூணும் ஒரே நாவல்தானே கலோயன்," என்றது ஒரு குரல். கவிஞர் யோர்தாங்கா. எழுபது வயது. தன் கடைசிக் கவிதைக்குப் பதினான்கு கோடு வாங்கியவர். வலது கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டில், கம்பி முட்டுக்கொடுத்து மேலே தூக்கிய நிலையில் இருந்தது. "காற்புள்ளி விட்டுப்போனா அது சொல்லட்டும், கேட்டுக்கிறேன். கண்ணுக்குத் தப்பினதைக் காட்டிக்குடுக்கட்டும், நன்றி சொல்றேன். என் புருசன் செத்த துக்கத்தை 'ஓய்வு நேரம்'னு மாத்தச் சொல்ல அது யாருடா?"

"கருத்துச் சுதந்திரத்துக்கு நன்றி," என்றார் பென்கோவ். "வாக்கெடுப்புக்குப் போவோம். சிஸ்தோவை முழுக்க நம்பலாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்."

மனோலும் ஷிவ்கோவும் வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். கைகள் உயர்ந்தன. கடைசிவரை ஸ்தாமெனின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. அதனால் அவன் கூட்டத்துக்கு வரவில்லை என்று பதிவு செய்துவிட்டார்கள். யோர்தாங்காவின் மாவுக்கட்டுக் கை உயரத்தில் இருந்ததால் அதையும் சேர்த்து எண்ணினார்கள்.

"அடேய், என் கைய எறக்க முடியலடா!" என்று அவர் கத்தினார்.

"இருபத்தொன்று ஆதரவு. எதிர்ப்பு இல்லை. ஒருமனதாக நிறைவேறியது," என்றார் பென்கோவ்.

மே இருபதாம் தேதி ஸ்தாமென் மறுபடியும் போனான். விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. இருமினால் கண்ணில் நீர் வந்தது. இந்த முறை பென்கோவ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு உட்கார வைத்தார்.

"ஏம்ப்பா ஸ்தாமென், இருபத்து நாலாம் தேதி என்ன நாள்?"

"என் தம்பி செத்து ஆறாம் மாசம்."

"எழுத்துத் திருநாள்ப்பா! நம்ம எழுத்துகளோட திருநாள். பள்ளிப் பிள்ளைங்க பூமாலை தூக்கிட்டு ஊர்வலம் வரும். துணை அமைச்சர் வர்றார். அவர் கார்லேருந்து எறங்கினதும் மரத்துல என்ன ஒட்டியிருக்கும்? 'அடித்துக் கொன்றார்கள்'! அவருக்குச் சாப்பாடு எறங்குமா? ஆட்டுக்குட்டி வறுவலுக்குச் சொல்லியிருக்கேன்."

"என் வீட்டுக் கதவுல மட்டும் ஒட்டிக்கிறேன்."

"கதவு தெருவப் பாத்துதானே இருக்கு! மெஷின் குடுத்ததையே போட்டுடு. உன் தம்பி எவ்வளவு அழகாச் செத்திருக்கான் அதுல! எங்க அப்பாவுக்குக்கூட அப்படி ஒரு சாவு அமையல."

ஸ்தாமென் எழுந்துபோய் ருமியானாவிடம் புதிய தாளைக் கொடுத்தான். வாசல், கம்பி, நாற்பது பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே வாக்கியமாக எழுதியிருந்தான்: 'மனோலும் ஷிவ்கோவும் என் தம்பி க்ருமை அடித்துக் கொன்றார்கள்.'

சிஸ்தோ கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வாக்கியம் முழுவதற்கும் கீழே ஒரு கோடு போட்டது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது. இப்படி அது இதுவரை செய்ததில்லை. 'பரிந்துரை: வெற்றுத் தாள்' என்று வந்தது.

"படத்தை மட்டும் போட்டு, கீழ எழுத்தில்லாம விட்டுட்டா பச்சை வரும்," என்றாள் ருமியானா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஸ்தாமென் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மணி அடிப்பதற்கு முன்பே கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான். மூன்றே கோடு என்பதால் ஷிவ்கோ லேசாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஆனால் மனோல் தாளை வாங்கி வாசித்தான். இந்த முறை அதில் அவன் பெயரையும் அந்தச் செயலையும் தவிர வேறு எதுவும் இல்லாததால் பார்வையைத் திருப்ப இடமில்லாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் முயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவன் அடித்த அடி, கோட்டுக்கு அடிக்கிற அடியாக இல்லை. மூன்றாவதில் தாடை இடம் மாறியது. இரண்டு பல் மெத்தையில் விழுந்தது. ரசீதில் கையெழுத்துப் போடும்போது ஸ்தாமெனுக்குப் பேனா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மனோல் அவன் விரலைப் பிடித்து வைத்துவிட்டான். தாளை மடித்து அவன் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினான்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஸ்தாமென் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு கிடந்தான். இருபத்து நாலாம் தேதி காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனான். தம்பியின் நாளில் படுத்துக் கிடக்க அவனுக்கு மனமில்லை.

சதுக்கம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பூமாலைகளோடு நின்றார்கள். மேடையில் பெரிய திரை. துணை அமைச்சர் ஒரு பரிசு கொண்டுவந்திருந்தார்: சிஸ்தோவின் காது. சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பித்தான். பேசுவதைக் கேட்டு அப்படியே திரையில் எழுதும், பிழையிருந்தால் கோடு போடும், ஒவ்வொரு கோட்டுக்கும் 'கீங்' என்று ஒலிக்கும். முதல் மூன்று பித்தான்களை இயக்குநருக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் துணை அமைச்சரே மாட்டிவிட்டார்.

"இனிமேல் எழுதினால்தான் திருத்த முடியும் என்ற நிலை இல்லை," என்று பென்கோவ் பேசத் தொடங்கினார். "மனிதன் வாயைத் திறந்தாலே திருத்தலாம்!"

கீங்.

பென்கோவ் திரும்பிப் பார்த்தார். திரையில் அவருடைய சொற்களுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. 'மிகையான தொனி' என்று இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே மேலே பேசினார். மேதகு, மாண்புமிகு, பொற்காலம், வரலாறு காணாத என்று போகப்போக கீங், கீங், கீங் என்று மேடை முழுக்க ஒலித்தது. பிள்ளைகள் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். உரை முடிந்தபோது முப்பத்தாறு.

மனோல் ஷிவ்கோவைப் பார்த்தான். ஷிவ்கோ மனோலைப் பார்த்தான். இருவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

"டேய், என்னடா பண்றீங்க? நான்டா!"

கீங். "முப்பத்தேழு," என்றான் ஷிவ்கோ, அவர் கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு.

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குங்க சார்," என்றான் மனோல்.

முதல் அடியில் பென்கோவ் "ஐயோ" என்றார். திரை 'ஐயோ' என்று எழுதி, கோடு போட்டது. "காப்பாத்துங்க" என்றார். 'காப்பாற்றுங்கள்' என்பதே சரி என்றது திரை. "நிறுத்துங்கடா" என்றார். மரியாதைக் குறைவு, கீங். "அம்மா, அம்மா, அம்மா" என்றார். கூறியது கூறல், கீங், கீங். மனோல் ஓர் அடி அடித்தால் இரண்டு கோடு கூடியது. அவன் விதியை மீறுகிறவன் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். பென்கோவின் மூக்கு போயிற்று, பல் போயிற்று. கண்ணாடி துணை அமைச்சரின் மடியில் வந்து விழுந்தது. துணை அமைச்சர் இதை நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார். அவர் தட்டியதால் முதல் வரிசை தட்டியது, முதல் வரிசை தட்டியதால் சதுக்கம் தட்டியது. ஸ்தாமென் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போய், கட்டிய வாயால் முடிந்தவரை "விடுங்கடா!" என்று கத்தினான். அது யாருக்கும் கேட்கவில்லை.

மேடையோரம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ருமியானா அதன் மின்கம்பியைப் பிடுங்கினாள். அது மின்கலத்தில் ஓடுவது என்று அவளுக்குத் தெரியாது.

எழுபத்தொன்றாவது அடிக்குப் பிறகு பென்கோவ் எதுவும் சொல்லவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

அன்று மாலையே துணை அமைச்சர் வறுவலைச் சாப்பிட்டு முடித்து, கலோயனைப் புதிய இயக்குநராக நியமித்துவிட்டுக் கிளம்பினார். அவருக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலை ருமியானா ஸ்தாமெனின் கதவைத் தட்டினாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே வரச் சொல்ல அவன் வாய் திறக்கவில்லை. கம்பி மட்டும் அதற்குக் காரணமில்லை.

அவள் வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினாள். "நேத்து ராத்திரி அவரோட தாளை எழுதிப் பாத்தேன். 'என் கணவரை மேடையில் வைத்து எழுபத்தோரு அடி அடித்துக் கொன்றார்கள்'னு எழுதினேன். அது என்ன குடுத்துச்சு தெரியுமா?"

ஸ்தாமென் வாசித்தான். 'என் கணவர் கலைநிகழ்ச்சியின்போது இரு நலம்விரும்பிகளைச் சந்தித்து விடைபெற்றார். நினைவில் மகிழ்கிறேன்.'

"அன்னிக்கு என் தம்பியோடத நீங்க வாசிச்சீங்க மேடம்," என்றான் பல்லுக்கு நடுவிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக. "ஒரு தடவகூட குரல் நடுங்கல."

"நடுங்கல. நடுங்காம வாசிக்கிறதுக்குத்தான் சம்பளம்." அவள் முகம் கோணியது. அழுதாள். அழுகையை யாரும் தேற்றவில்லை என்றதும் அவளே நிறுத்திக்கொண்டு பையைத் திறந்தாள். உள்ளே பச்சை முத்திரையும் மையும் இருந்தன. "கலோயன் இன்னும் இதக் கேக்கல. உங்க தாளக் குடுங்க."

"எது?"

"பேரு இருக்கிறது."

ஸ்தாமென் இரத்தக்கறை பட்ட சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கதவுச் சட்டத்தில் வைத்து ஓங்கிக் குத்தினாள். தன் கணவனுக்கு எழுதிய முதல் தாளையும் எடுத்து அதன்மேல் குத்தினாள். அச்சகக்காரன் வாக்கியத்தைப் பார்க்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது, அச்சடித்துக் கொடுத்தான். எழுத்தாளர் இல்லம் அவனை நன்றாகப் பழக்கியிருந்தது.

இருபத்தாறாம் தேதி, இரண்டு நாள் தாமதமாக, இல்லத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்து மரத்தில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் க்ரும் தலைக்கவசத்தோடு சிரித்தான். மற்றதில் பென்கோவ் கழுத்துப்பட்டையோடு முறைத்தார். சனம் கூடிவிட்டது. ஸ்தாமென் செத்தவனுக்காக அவித்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் போட்டு, சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகளில் கொடுத்துக்கொண்டிருந்தான். இறந்தவர் பெயரில் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லி 'கடவுள் மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விரோதிக்கும் அதே வழக்கம்தான்.

புதிய இயக்குநர் அனுப்பி மனோலும் ஷிவ்கோவும் வந்தார்கள். கழுத்தில் பித்தான்; பேச்சுவழக்குக்கும் 'டேய்'க்கும் ஒலிக்காதபடி கலோயன் அதை மாற்றி வைத்திருந்தார். தாள்களைக் கிழித்துவரச் சொல்லி உத்தரவு.

"கிழிடா," என்றான் ஷிவ்கோ.

"நீ கிழி."

"நீதான் மூத்தவன்."

மனோல் கையை உயர்த்தினான். தாளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. க்ரும் சிரித்துக்கொண்டிருந்தான். எழுபத்தோரு அடியை எண்ணி அடித்த அந்தக் கை, ஒரு காகிதத்தைத் தொட முடியாமல் இறங்கியது. இறங்கிய கை தொப்பியைக் கழற்றியது.

ஸ்தாமென் ஒரு கோப்பையை நீட்டினான். மனோல் வாங்கினான். நின்றுகொண்டே, தலை நிமிராமல், ஒரு கோதுமை மணியும் மிச்சம் விடாமல் சாப்பிட்டான்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்றான்.

"பேரச் சொல்லணும்," என்றான் ஸ்தாமென்.

மனோல் தாளை நிமிர்ந்து பார்த்தான். "க்ரும்… க்ரும் கெர்கினோவ். நாங்கதான் அண்ணே அடிச்சுக் கொன்னோம்."

கீங்.

ஷிவ்கோ திகைத்துப் பார்த்தான். "டேய், உன் கழுத்துலதான்டா அடிச்சுது."

"கேட்டுச்சு."

"இப்ப என்னடா பண்றது?"

"விதி ஏழு," என்றான் மனோல். "அடி."

ஷிவ்கோ அடித்தான். முதலில் பொய்யாகத்தான் அடித்தான். மனோல் நிமிர்ந்து நின்று அதே வாக்கியத்தை மறுபடி சொன்னான். கீங். இந்த முறை ஷிவ்கோவுக்குப் பொய்யாக அடிக்கத் தெரியவில்லை. அழுதுகொண்டே வாயில் குத்தினான். மனோல் இரத்தத்தோடு கோதுமையைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னான். கீங். யாரும் நகரவில்லை. அன்று சுரங்க வாசலில் நின்ற நாற்பது பேரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அன்று போலவே இன்றும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்தாமென் தடுக்கவில்லை. கீழே விழுந்த கோப்பையைக் குனிந்து எடுத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சத்தமாச் சொல்லு மனோல்," என்றான். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."